தீர்மானத்துக்கு முன்னும் பின்னும்: சிறுநகர உள்ளாட்சிச் செய்தி பற்றிய விவாதங்கள்

ஒரு சிறுநகரத்தில் வாழ்பவர், தம் நகராட்சி எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் விடப்போகிறது, சொத்து வரியை எவ்வளவு உயர்த்தப்போகிறது, பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகப்போகிறதா என்பவற்றை யாரிடமிருந்து, எந்தக் கட்டத்தில் அறிய வேண்டும் என்ற கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு. ஆள்வோர் அறிவித்தால் போதும் என்பது மிகப் பழைய விடை. அச்சு இதழ்கள் பெருகிய பின், அந்தப் பணி செய்தியாளருக்கு உரியதாகக் கருதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், எவரும் கேட்கும்வரை காத்திராமல் தானே வெளியிடும் சட்டக் கடமை நிர்வாகத்துக்கு உண்டு என்ற கருத்து வலுப்பெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில், தாளில் கிடைக்கும் தகவல் மட்டும் பயன் தராது, மக்கள் கூடியிருந்து நேருக்கு நேர் கேட்பதற்கு ஓர் அவை வேண்டும் என்ற வாதமும் எழுந்தது. இவ்விடைகளில் ஒன்று வந்ததும் மற்றொன்று விலகிவிடவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, இன்று எல்லாமே அரைகுறையாக நடைமுறையில் இருக்கின்றன.

இக்கட்டுரை அவ்விடைகளைத் தமிழ்நாட்டின் நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் முன்வைத்து மதிப்பிடுகிறது. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மாநிலத்தில் 21 மாநகராட்சிகளும் 138 நகராட்சிகளும் 490 பேரூராட்சிகளும் இருந்தன. சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களின் மாமன்றக் கூட்டங்களுக்குத் தொலைக்காட்சிக் கேமராக்கள் வருகின்றன. ஊராட்சிகளுக்குக் கிராம சபை இருக்கிறது. அறந்தாங்கி, சங்கரன்கோவில், ராசிபுரம், துறையூர் போன்ற ஊர்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. ஆய்வுகளிலும் சட்டங்களிலும் அதிகம் விடுபட்டுப்போனது இந்த இடைநிலைதான் என்பதே அதைத் தனியே எடுத்துப் பேசுவதற்குக் காரணம்.

அறிவிப்பு என்னும் பழைய விடை

மணிமேகலையின் முதற்காதை, புகார் நகரில் இந்திர விழா நடக்கவிருப்பதை முரசறைந்து அறிவிப்பதைப் பொருளாகக் கொண்டது. ஆட்சியின் முடிவை ஒலியால் ஊரெங்கும் பரப்பும் இம்முறை, கருவியும் பெயரும் மாறி, தண்டோராவாகவும் தமுக்காகவும் அண்மைக்காலம் வரை நீடித்தது. எழுத்தறியாதவருக்கும் எட்டுவது, உரிய நேரத்தில் எட்டுவது, செலவு குறைவு என்ற மூன்று தகுதிகள் அதற்கு இருந்தன. நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்பதை முந்தின நாள் மாலையே தெருமுனையில் நின்று சொல்லும் முறையைவிடச் சிறந்த ஒன்றைப் பின்வந்த ஏற்பாடுகள் பலவும் தரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எனினும் அந்த ஒலியை எழுப்பும் வேலை, சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்கள்மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டு வந்தது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட்டு, வாகனங்களில் ஒலிபெருக்கி பொருத்தி அறிவிக்கலாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். இழிவை நீக்கும் வகையில் அது வேண்டிய நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. ஆனால் தொடர்பின் தன்மை அதனால் மாறவில்லை. ஆட்டோவில் சுற்றிவரும் ஒலிப்பதிவும் முரசைப் போலவே ஒருவழிப்பட்டது. முடிவைச் சொல்லுமே தவிர, முடிவு எப்படி எட்டப்பட்டது என்பதைச் சொல்லாது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல அதில் ஆளும் இல்லை.

இந்த இடத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் வழக்கமாகச் சான்றாகக் காட்டப்படுகின்றன. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளை ஒட்டிப் பொறிக்கப்பட்ட அவை, வாரியங்கள் எனப்பட்ட நிர்வாகக் குழுக்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்வாக முடியாது என்ற விதி, பொறுப்புக்கூறல் பற்றிய தெளிவான சிந்தனை அன்றே இருந்ததைக் காட்டுகிறது. மேடைகளில் சொல்லாமல் விடப்படும் மறுபக்கம், அந்தச் சபை ஒரு பிரமதேயத்தின், அதாவது பிராமணருக்குக் கொடையாக வழங்கப்பட்ட ஊரின், சபை என்பதும், நிலவுடைமையும் வேதப் பயிற்சியும் அதில் இடம்பெறத் தகுதிகளாக இருந்தன என்பதுமாகும். கணக்குக் கேட்கும் உரிமை இருந்தது. அது ஊரார் எல்லோருக்கும் இருக்கவில்லை. விதிகளைக் கல்லில் வெட்டிப் பொதுவிடத்தில் வைத்ததும் அவற்றைக் கேள்விக்கு உட்படுத்தும் உரிமையைத் தந்ததும் ஒன்றல்ல.

காலனிய நிர்வாகம் இந்த மரபோடு அரசிதழையும் அலுவலக அறிவிப்புப் பலகையையும் சேர்த்தது. இவற்றால் நுழைந்த கருத்து கவனிக்கத்தக்கது: பலகையில் ஒட்டப்பட்ட நாளிலிருந்து எல்லோரும் அறிந்துகொண்டதாகச் சட்டம் கருதிக்கொள்ளும். யாரும் படிக்காவிட்டாலும் அறிவிப்பு முழுமை பெற்றுவிடும் என்ற இந்தக் கற்பிதம், பின்வந்த ஒவ்வொரு ஏற்பாட்டுக்குள்ளும் ஏதோ ஒரு வடிவில் உயிரோடு இருக்கிறது.

திறந்த அவையும் செய்தியாளர் இருக்கையும்

ரிப்பன் பிரபுவின் 1882 மே 18 தீர்மானம் உள்ளாட்சி அமைப்புகளை மக்களுக்கு அரசியல் கல்வி தரும் களமாகக் கண்டது. அக்கல்விக்கு அவையின் நடவடிக்கை வெளியே தெரிய வேண்டும் என்பது அதற்குள் அடங்கியிருந்த எதிர்பார்ப்பு. பொது அலுவல் பொதுப்பார்வையில் நடக்க வேண்டும் என்று அதற்கு முன்பே ஜெரமி பெந்தாம் போன்றோர் வாதிட்டிருந்தனர். ஆனால் எதிர்பார்ப்பு உரிமையாவதற்குப் பிரித்தானியாவிலேயே நாட்கள் பிடித்தன. வேல்ஸ் கடற்கரையில் உள்ள டென்பி என்ற சிற்றூரின் நகர்மன்றம், தன்னைக் குறை கூறி எழுதிய உள்ளூர் வார இதழின் ஆசிரியரைக் கூட்டத்துக்குள் விட மறுத்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, நகர்மன்றக் கூட்டத்தில் இருக்கப் பத்திரிகைக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பின் விளைவாகவே 1908இல் செய்தியாளரை அனுமதிக்கும் சட்டம் அங்கே இயற்றப்பட்டது. பொதுமக்களுக்கும் அவ்வுரிமையை விரித்த 1960ஆம் ஆண்டுச் சட்டம், அப்போது புதிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மார்கரெட் தாட்சர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்து பிறந்தது. பெருநகரத்தில் அல்லாமல் சிற்றூரில்தான் இந்தப் பூசல் வெடித்தது என்பது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. எழுதுபவரும் எழுதப்படுபவரும் ஒரே தெருவில் வாழும் ஊரில் விமர்சனம் தனிப்பகையாக எடுத்துக்கொள்ளப்படுவது எளிது.

தமிழ்நாட்டில் நகராட்சிகள் 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், பின்னர் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழும் இயங்கின. 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023இல் விதிகளுடன் நடைமுறைக்கு வந்தது. நகர்மன்றக் கூட்டத்தில் செய்தியாளர் அமர இடம் இருப்பது இங்கே பொதுவாக நிலைபெற்ற வழக்கம். திறந்த அவையே போதும் என்ற நிலைப்பாட்டின் குறை கதவில் இல்லை. கதவுக்கு உள்ளே நடப்பதில் இருக்கிறது. கூட்டப்பொருள் எனப்படும் நிகழ்ச்சி நிரல் உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே போய்ச்சேர்கிறது. கட்சிகளுக்குள் பேசி முடிக்கப்படுகிறது. அவையில் பல பொருள்கள் ஒருசேர வாசிக்கப்பட்டு நிறைவேறுகின்றன. செய்தியாளர் காண்பது பெரும்பாலும் முடிந்துபோன விவாதத்தின் சடங்கையும், இடையிடையே ஒரு வெளிநடப்பையும்தான்.

அந்தச் சடங்கும் இல்லாமற்போன ஒரு காலம் அண்மையில் இருந்தது. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தபின், 2022 தொடக்கம் வரை நகர்ப்புற உள்ளாட்சிகள் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. தனி அலுவலர் என்பவர் மன்றத்தின் அதிகாரங்களைத் தனி ஒருவராகச் செலுத்தும் அரசு அதிகாரி. அவரும் தீர்மானங்கள் எழுதினார். ஆனால் எழுந்து நின்று கேட்கும் எதிர்க்கட்சிக் கவுன்சிலர் எவரும் இல்லை. உள்ளாட்சிச் செய்தியின் மூலப்பொருளே கவுன்சிலரின் கேள்வியும் அதற்கு அளிக்கப்படும் மறுமொழியும் என்பதால், ஐந்தாண்டுக்கும் மேலாகச் செய்தி பிறக்கும் இடமே மூடிக் கிடந்தது எனலாம். உள்ளாட்சித் தேர்தல் தாமதத்தைப் பற்றிய விவாதங்கள் பிரதிநிதித்துவத்தைப் பேசிய அளவுக்கு இந்த இழப்பைப் பேசவில்லை.

மாவட்டப் பக்கத்தின் பொருளாதாரம்

உள்ளூர் நாளிதழே சிறுநகரத்தின் கண் என்ற நிலைப்பாட்டுக்குத் தமிழ்நாட்டில் வலுவான அடிப்படை உண்டு. சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எளிய நடையால் நாளிதழைத் தேநீர்க் கடை வரை கொண்டுசென்றது. 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிப் பின்னர் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்த தினமலர், ஊர்ப் பிரச்சினைகளுக்கு இடம் தருவதைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. இந்திய மொழி நாளிதழ்களின் பெருக்கத்தை ஆராய்ந்த ராபின் ஜெஃப்ரி, உள்ளூர்ச் செய்தியைத் தேடிப் போனதே அப்பெருக்கத்தின் முதன்மையான உந்துதல்களில் ஒன்று என்று காட்டினார். தெலுங்கில் ஈநாடு நாளிதழின் மாவட்ட இணைப்புகள் அவர் எடுத்துக்காட்டிய முன்மாதிரி. இந்தி வட்டாரத்தில் இதையொத்த மாற்றத்தைச் செவந்தி நைனானின் நூல் பதிவுசெய்துள்ளது.

இந்த ஆய்வுகளே அந்த மாதிரியின் பலவீனத்தையும் வெளிப்படுத்தின. சிறுநகரத்துச் செய்தியாளர் பெரும்பாலும் மாதச் சம்பளம் பெறும் ஊழியர் அல்லர். வெளியான செய்திக்கு ஏற்பச் சிறுதொகை பெறும் பகுதிநேர நிருபர். பல இடங்களில் அவரே விளம்பரம் சேகரிப்பவராகவும் இருக்கிறார். திருவிழாவுக்கும் பிறந்தநாளுக்கும் வாழ்த்து விளம்பரம் தரும் உள்ளூர்ப் பிரமுகர், ஒப்பந்ததாரர், கவுன்சிலர் ஆகியோரைப் பற்றித்தான் அவர் எழுதவும் வேண்டும். நகராட்சியின் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளும் சிறு இதழ்களின் வருவாயில் ஒரு பங்கு என்பதைச் சேர்த்துப் பார்த்தால், கண்காணிக்க வேண்டியவர் கண்காணிக்கப்படுபவரின் கையை எதிர்பார்த்து நிற்கும் நிலை விளங்கும். இது தனிமனித ஒழுக்கக்கேடு என்பதைவிடத் தொழிலின் அமைப்பில் உள்ள குறை என்பதே பொருத்தம்.

நாளிதழ் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து சான்றுகள் தரப்படுகின்றன. கலிபோர்னியாவின் பெல் என்ற சிறுநகரில், நகர மேலாளர் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 இலட்சம் டாலர் ஊதியம் எடுத்துக்கொண்டிருந்தது 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் இதழால் வெளிவந்தது. நாற்பதாயிரம்கூட மக்கள்தொகை இல்லாத அந்த ஊரின் மன்றக் கூட்டங்களுக்குச் செய்தியாளர் எவரும் தொடர்ந்து சென்றுவராததே இது நெடுநாள் நடக்க இடமளித்தது என்று பின்னர் பேசப்பட்டது. உள்ளூர் நாளிதழ் மூடப்பட்ட பகுதிகளில் உள்ளாட்சிகள் கடன் பத்திரங்களுக்குத் தரவேண்டிய வட்டி சிறிதளவு கூடியதாக காவ், லீ, மர்ஃபி ஆகியோரின் ஆய்வு கூறுகிறது. இந்தியாவைப் பொறுத்தவரை, நாளிதழ் விற்பனை மிகுந்த மாநிலங்கள் உணவு வழங்கலிலும் பேரிடர் நிவாரணத்திலும் கூடுதலாக முனைந்து செயல்பட்டன என்பது பெஸ்லி, பர்ஜெஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட முடிவு. இவற்றை அப்படியே சிறுநகரத்துக்குப் பொருத்துவதில் எச்சரிக்கை தேவை. பெஸ்லியும் பர்ஜெஸும் அளந்தது மாநில அரசுகளை; கடன் பத்திரச் சந்தையை நாடும் நகராட்சிகளோ இங்கே மிகச் சில.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. சிறுநகரத்தின் முக்கிய முடிவுகளில் பல அந்த ஊரில் எடுக்கப்படுவதில்லை. ஆணையரை நியமிப்பது மாநில அரசு. பெரிய குடிநீர்த் திட்டங்கள் 1971 முதல் குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. மின்சாரம் வேறொரு நிறுவனத்தின் கையில். 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சொத்து வரி உயர்வு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கட்டடப் பரப்புக்கு ஏற்பக் குடியிருப்புகளுக்கு 25 முதல் 150 விழுக்காடு வரை வரி உயர்ந்தது. பதினைந்தாவது நிதிக் குழுவின் மானிய நிபந்தனைகள் அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டன. நகர்மன்றங்கள் அதன்பின் கூடித் தீர்மானம் நிறைவேற்றின. எதிர்த்தவர்கள் வெளிநடப்புச் செய்தனர். மாவட்டப் பக்கத்துக்கு அது செய்தியாயிற்று. ஆனால் உண்மையான முடிவு டெல்லிக்கும் சென்னைக்கும் இடையில் முன்பே உருவாகிவிட்டிருந்தது. மன்றத்தின் வாயிலில் நிற்கும் நிருபர் எவ்வளவு திறமையும் துணிவும் உள்ளவராயினும் அந்த முடிவு உருவாகும் இடத்தில் அவர் இல்லை. சென்னையில் இருக்கும் நிருபருக்கோ ராசிபுரத்தின் வரிவிகிதம் ஒரு தனிச் செய்தியாகத் தோன்றாது.

வெளியிடும் கடமை

நிருபரைச் சார்ந்திராமல் நிர்வாகமே வெளியிட வேண்டும் என்ற மூன்றாம் விடை சட்டத்தின் வழியே வந்தது. தமிழ்நாடு 1997லேயே தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் விலக்குகள் மிகுதி என்பதால் பயன் குறைவாகவே இருந்தது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு 1994 இறுதியில் தொடங்கிய பொது விசாரணைகளும், 1996இல் பியாவர் என்ற நகரத்தில் அது நடத்திய நாற்பது நாள் தர்ணாவும் இந்தக் கோரிக்கையைத் தேசிய இயக்கமாக்கின. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, பொது அதிகார அமைப்புகள் பதினேழு வகைத் தகவல்களை எவரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. அதே ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புத்தாக்கத் திட்டம், மாநிலங்கள் பொதுவெளிப்படுத்தல் சட்டம் இயற்றுவதை நிதியுதவிக்கான சீர்திருத்தங்களில் ஒன்றாக்கியது. ஒப்பந்தப்புள்ளிகளுக்கு 1998ஆம் ஆண்டு வெளிப்படைத்தன்மைச் சட்டம் தனியே இருக்கிறது.

சட்ட ஏற்பாட்டில் பெரிய குறை சொல்ல இடமில்லை. வெளியாகும் தகவல் யாருக்காக ஆக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. வரவு செலவுத் திட்டம் கணக்குத் தலைப்புகளின் வரிசையில் இருக்கும். தெருவின் வரிசையில் இராது. தம் தெருச் சாக்கடைக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று அறிய விரும்புபவருக்கு, நகரம் முழுவதற்குமான மூலதனச் செலவுத் தொகை விடையாகாது. வெளிப்படுத்தல் கொள்கைகளை ஆராய்ந்த ஃபங், கிரஹாம், வைல் ஆகியோர், தகவல் மக்களின் அன்றாட முடிவுகளோடு பொருந்தும் வடிவில் அமைந்தால்தான் அது பயன்படுத்தப்படும் என்று 2007இல் வாதிட்டனர். அதற்கும் முன்னர், 1957இல் அந்தோணி டவுன்ஸ் முன்வைத்த வாதம் இன்னும் கடுமையானது: ஒரு தனிமனிதரின் வாக்கால் விளையும் மாற்றம் மிகச் சிறிதாகையால், தகவலைத் தேடிப் படிக்க அவர் நேரம் செலவிடாமல் இருப்பதே அவருக்கு அறிவுடைமை. டவுன்ஸின் வாதம் பெருந்தேர்தல்களுக்குப் பொருந்தும் அளவுக்குச் சில நூறு வாக்குகளில் முடிவாகும் வார்டுத் தேர்தலுக்குப் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. ராஜஸ்தான் பொது விசாரணைகளின் அனுபவம் வேறு திசையைக் காட்டுகிறது. அங்கே ஆவணம் தாளாக இருந்தவரை எவரையும் அசைக்கவில்லை. ஊராரிடையே உரக்க வாசிக்கப்பட்டு, பட்டியலில் கூலி பெற்றதாக எழுதப்பட்டவரே எழுந்து மறுத்தபோது அது சான்றாக மாறியது.

சட்டத்தின் இடுக்கில் விழுந்த ஊர்கள்

அப்படியானால் வாசிப்பதற்கும் மறுப்பதற்கும் ஓர் அவை வேண்டும். 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியல் சட்டத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிக்கு அரசியல் சட்ட உறுதி தந்தது. ஆனால் வார்டு குழு எனப்படும் கீழ்நிலை அமைப்பை, மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கு மட்டுமே அது கட்டாயமாக்கியது. கிராமங்களுக்கு 73ஆம் திருத்தம் கிராம சபையைத் தந்தது. தமிழ்நாட்டில் அது இப்போது குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறுமுறை கூட வேண்டும். பெருநகரத்துக்குக் குழு, கிராமத்துக்குச் சபை. முப்பதாயிரம் பேர் வாழும் பேரூராட்சிக்கும் ஒரு இலட்சம் பேர் வாழும் நகராட்சிக்கும் அரசியல் சட்டத்தில் எதுவும் இல்லை. ஊராட்சியிலிருந்து பேரூராட்சியாகத் தரம் உயர்த்தப்படும் ஊரின் மக்கள், உயர்ந்த அன்றே கணக்குக் கேட்கும் அவையை இழக்கிறார்கள். தரம் உயர்வுக்கு எதிரான போராட்டங்களில் வரிச்சுமையும் வேலைத் திட்ட இழப்பும் பேசப்படும் அளவுக்கு இந்த இழப்பு பேசப்படுவதில்லை.

இடைவெளியை மாநிலச் சட்டத்தால் நிரப்ப முடியும் என்பதற்குக் கேரளம் சான்று. அம்மாநிலத்தின் 1994ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம், ஒரு இலட்சத்துக்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வாக்காளர் அனைவரும் உறுப்பினராகும் வார்டு சபையை ஏற்படுத்தியது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம் அச்சபைகளுக்குச் செய்வதற்கு வேலையும் தந்தது. அங்கும் ஆண்டுகள் செல்லச் செல்ல வருகை தளர்ந்ததும், பயனாளிப் பட்டியல் தயாரிக்கும் கூட்டமாகச் சபை சுருங்கியதும் பரவலாக விமர்சிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022இல் வந்தன. அந்த ஆண்டின் உள்ளாட்சி நாளில் பகுதி சபைகள் கூடின. குழுவின் தலைமை கவுன்சிலரிடம் இருப்பதும், மற்ற உறுப்பினர்கள் தேர்தலால் அல்லாமல் நியமனத்தால் வருவதும் இந்த ஏற்பாட்டின்மீது வைக்கப்படும் முதன்மையான குறைகள். கேள்விக்கு ஆளாக வேண்டியவரே கூட்டத்தை நடத்தினால் எந்தக் கேள்வி எழுத்தில் பதிவாகும் என்பதைத் தீர்மானிப்பவரும் அவரே ஆகிறார்.

குழுக்களும் அலைவரிசைகளும்

அலைபேசிக் குழுக்கள் இந்தச் சிக்கல்களைக் கடந்துவிட்டன என்ற நம்பிக்கை பற்றி நீளப் பேசத் தேவையில்லை. அள்ளப்படாத குப்பையின் படம் ஆணையரின் கைக்குச் சில நிமிடங்களில் சென்றுசேர்வது உண்மையான முன்னேற்றம். 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைக் கடத்தல் வதந்தி ஒரு முதியவரின் உயிரைப் பறித்ததும் அதே வழியில்தான். கொலையில் முடியாத சிறு வதந்திகளை மறுக்க நகராட்சிக்கு ஆளும் இல்லை, வழக்கமும் இல்லை. மேலும் குப்பைப் படம் ஒரு முறையீடு மட்டுமே. அள்ளும் ஒப்பந்தம் யாருக்கு, எந்த நிபந்தனைகளில் தரப்பட்டது என்பதை அது வெளிக்கொணராது.

சமுதாய வானொலியின் நிலை இன்னும் விந்தையானது. 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலையோடு தொடங்கி, 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்ட இவ்வானொலிகள் தாமே செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆனால் குடிநீர், மின்சாரம் பற்றிய பொது அறிவிப்புகள் செய்தியாகக் கருதப்படுவதில்லை. ஆகவே நாளை தண்ணீர் வராது என்று சொல்லலாம். ஏன் வராது என்று விசாரித்துச் சொல்வது விதிமீறலாகக்கூடும். பழைய முரசின் எல்லைதான் புதிய கருவிக்கும் வகுக்கப்பட்டிருக்கிறது.

தகவல் கிடைத்தால் என்ன ஆகும்?

எல்லா விடைகளுக்கும் அடியில், அறிந்தால் மக்கள் செயல்படுவர் என்ற அனுமானம் இருக்கிறது. வால்டர் லிப்மன் 1920களில் இதை மறுத்தார். பொதுவிவகாரம் அனைத்தையும் அறிந்து தீர்ப்புச் சொல்லும் குடிமகன் ஒரு கற்பனை என்பது அவர் கருத்து. 1927இல் ஜான் டூயி அளித்த மறுமொழி, குறை குடிமகனிடம் இல்லை, அவர் பிறரோடு கூடிப் பேசும் உள்ளூர்ச் சமூகம் குலைந்ததில் இருக்கிறது என்பது. பின்னர் மைக்கேல் ஷட்ஸன், குடிமகன் எந்நேரமும் படித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, ஆபத்து தெரிந்தால் விழிக்கக்கூடியவராக இருந்தால் போதும் என்று இடைப்பட்ட நிலையை முன்வைத்தார். சிறுநகரத்துக்கு இது பொருந்துவதாகத் தோன்றுகிறது. ஆனால் விழிக்க வைக்கும் மணியை அடிப்பவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அனுபவ ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. பிரேசிலில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சிகளின் தணிக்கை அறிக்கைகள் 2004 தேர்தலுக்கு முன் வெளியானபோது, முறைகேடு செய்த நகரத் தலைவர்கள் வாக்கிழந்தனர் என்றும், உள்ளூர் வானொலி இருந்த இடங்களில் அந்த விளைவு மிகுதி என்றும் ஃபெராஸ், ஃபினான் ஆகியோர் 2008இல் காட்டினர். மாறாக, பல நாடுகளில் மேற்கொள்ளப்பட்டு 2019இல் தொகுத்து வெளியான மெட்டாகெட்டா ஆய்வு, வாக்காளருக்குத் தரப்பட்ட செயல்பாட்டுத் தகவல் சராசரியில் வாக்கை மாற்றவில்லை என்றது. வேறுபாட்டுக்குரிய காரணங்களில் ஒன்று தகவல் வந்த வழியாக இருக்கலாம்: பிரேசிலில் ஊர் முழுவதும் ஒரே வேளையில் கேட்டு, தாம் அறிந்ததைப் பிறரும் அறிந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் உணர்ந்தனர், தனித்தனிக் கையில் தரப்பட்ட துண்டறிக்கை அந்த உணர்வைத் தருவதில்லை. இது நிறுவப்பட்ட முடிவன்று. ராஜஸ்தான் அனுபவத்தோடு ஒத்துப்போகும் விளக்கம் என்ற அளவிலேயே கொள்ளத்தக்கது. சமூகப் பொறுப்புக்கூறல் முயற்சிகளைத் தொகுத்து மதிப்பிட்ட ஜொனாதன் ஃபாக்ஸும், தகவலோடு கூட்டுச் செயல்பாடும் அரசின் மறுமொழி தரும் திறனும் சேராத இடங்களில் பலன் குறைவு என்றே 2015இல் முடிவுசெய்தார்.

தீராதவை

மேற்கண்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை, முடிவெடுத்த பின் அல்லது பணம் செலவான பின் வெளியாகும் தகவலை அளப்பவை. தீர்மானத்துக்கு முன்பே ஊரார் அறிந்தால் தீர்மானம் மாறுமா என்பது இவற்றில் நேரடியாகச் சோதிக்கப்படவில்லை. சிறுநகர மக்களுக்குப் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இதுவாகவே இருக்கலாம். செய்திக்கு யார் பணம் தருவது என்பது இரண்டாவது. பிரித்தானியாவில் பிபிசி தன் உரிமக் கட்டண நிதியிலிருந்து உள்ளாட்சிச் செய்தியாளர்களுக்குச் சம்பளம் தந்து உள்ளூர் இதழ்களில் அமர்த்தும் திட்டம் சில ஆண்டுகளாக நடக்கிறது. அரசின் பிடியிலிருந்து அந்த அளவுக்கு விலகி நிற்கும் பொது ஒலிபரப்பு நிறுவனம் இல்லாத இடத்தில் அதை அப்படியே நட முடியுமா என்பது தெளிவில்லை. உத்தரப் பிரதேசத்தில் 2002இல் பெண்களால் தொடங்கப்பட்ட கபர் லஹரியா என்ற செய்தி இதழ், விளம்பரதாரரைச் சாராத உள்ளூர்ச் செய்தி இந்தியாவிலும் இயலும் என்பதைக் காட்டியது. அத்தகைய முயற்சி ஒவ்வொரு ஊரிலும் தோன்றும் என்று எதிர்பார்ப்பது கொள்கையாகாது. மூன்றாவது, சிறுநகரத்தின் நெருக்கம். கவுன்சிலர் உறவினராகவோ கடன் கொடுத்தவராகவோ வீட்டு உரிமையாளராகவோ இருக்கும் ஊரில், தகவல் இருந்தும் வாய் திறவாமை எவ்வளவு, அதில் சாதியின் பங்கு எவ்வளவு என்பது பற்றிய முறையான ஆய்வு தேவைப்படுகிறது.

இந்நிலையில் ஒன்றை மட்டும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம். கூட்டப்பொருள் உறுப்பினர்களுக்கு அனுப்பப்படும் அதே நாளில், வார்டும் தெருவும் குறித்த எளிய தமிழில், அலுவலக வாயிலிலும் நியாயவிலைக் கடைகளிலும் பேருந்து நிலையத்திலும் ஒட்டப்பட்டு, ஒலிபெருக்கியிலும் வாசிக்கப்பட வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை. ஆவணம் ஏற்கெனவே தட்டச்சாகி இருக்கிறது. இது மற்ற நான்கு விடைகளுக்கும் மாற்று அன்று. சென்னையில் எடுக்கப்படும் முடிவுகளை இது தொடவும் தொடாது. எனினும் நகராட்சிகளில் ஒரு சிலவற்றிலாவது ஓராண்டு நடத்திப் பார்த்து, மன்றத்தில் திருத்தப்பட்ட, ஒத்திவைக்கப்பட்ட பொருள்களின் எண்ணிக்கை மாறுகிறதா என்று அளந்தால், நூற்றாண்டுக் கணக்கில் ஊகத்தால் விடை சொல்லப்பட்டு வந்த ஒரு கேள்விக்குத் தரவு கிடைக்கும். நகராட்சி நிர்வாக இயக்குநரகம் ஒரு சுற்றறிக்கையால் இதைத் தொடங்கிவைக்கலாம்.